பதினேழு கிலோ நெல்லுக்கு ஒரு நாவல்

வன்னியில் உள்ள எங்கள் ஊரான நெடுங்கேணியில் புத்தகத்தின் விலையை நெல்லில் கணக்குப் பார்ப்பதுதான் முறை. அட்டையில் 500 இந்திய ரூபா என்று போட்ட ஒரு தமிழ் நாவலை எடுத்துக்கொள்வோம். 2020இல் ஓர் இந்திய ரூபா ஏறத்தாழ இரண்டரை இலங்கை ரூபா. அந்த நாவல் 1,250 ரூபா. அப்போது நெல்லுக்கு அரசாங்கம் அறிவித்திருந்த கொள்வனவு விலை கிலோ 50 ரூபா. அதாவது ஒரு நாவலுக்கு 25 கிலோ நெல். ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ என்பதால், ஒரு புசலும் அதற்கு மேலே கொஞ்சமும்.

2022 மார்ச்சில் ரூபா சரிந்தது. 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இந்திய ரூபா நாலரைக்கு மேலே ஏறியது. அதே நாவல் 2,300 ரூபாவாயிற்று. அந்த ஆண்டில் விவசாயி நாவலைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டான். முன்னர் மானியத்தில் 500 ரூபாவுக்குக் கிடைத்த 50 கிலோ யூரியா மூட்டை அப்போது அரச விலையிலேயே 10,000 ரூபா. முன்பு ஒரு நாவலின் காசில் இரண்டு மூட்டை உரம் வாங்கலாம். 2022இல் நாலு நாவலின் காசைக் கொடுத்தாலும் ஒரு மூட்டைக்குக் காணாது.

2025இல் இந்திய ரூபா மூன்றரை இலங்கை ரூபா அளவில் நிற்க, நாவல் 1,750 ரூபாவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132. நாட்டு நெல்லில் பார்த்தால் 1,750 ரூபா என்பது 14.6 கிலோ. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாகி, அதுவரை விலக்கு இருந்த நூல்களும் அதற்குள் வந்தன. அந்த 18 வீதத்தையும் சேர்த்தால் 2,065 ரூபா, 17.2 கிலோ. கடைக்காரரின் கப்பற்கூலியும் கழிவும் இதற்கு வெளியே.

கணக்கு ஒரு விஷயத்தைச் சொல்கிறது. நெல்லில் அளந்தால் 2020ஐ விட 2025இல் புத்தகம் மலிவு. 25 கிலோ 17 கிலோவாகிவிட்டது. இதைச் சொன்னால் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. உரமும் டீசலும் கூலியும் போன பிறகு கையில் நிற்கும் நெல்தான் புத்தகம் வாங்கக்கூடிய நெல். அறிவித்த விலைக்கே எல்லா நெல்லும் விற்றுப்போவதும் இல்லை. ஆனாலும் ‘புத்தகம் விலை, அதனால் வாசிக்கவில்லை’ என்ற பேச்சை நான் முழுதாக ஏற்கவில்லை. பதினேழு கிலோ நெல் ஒரு குடும்பத்தால் ஒரு போகத்துக்கு ஒதுக்க முடியாத அளவு அல்ல. அந்தப் பதினேழு கிலோவுக்கு எந்தப் புத்தகம் தகும் என்பதுதான் கேள்வி. அண்மையில் நான் வாசித்த பத்துப் புத்தகங்களை அந்தக் கேள்வியோடு கொப்பியில் பதிந்து வைத்தேன். நாவல் ஆறு. வரலாறு, தன்வரலாறு, சாட்சியம் என்று மற்றது நாலு. எல்லாமே வன்னியைப் பற்றியவை, அல்லது வன்னிக்குள் வந்து முடிபவை. மிகப் பழையது 1895ஆம் ஆண்டினது, மிகப் புதியது 2016ஆம் ஆண்டினது. இடையில் 121 ஆண்டுகள்.

கொப்பியில் நான் கீறிய நிரல்களில் முதலாவது, சம்பவம் நடந்த ஆண்டுக்கும் அது நூலான ஆண்டுக்கும் உள்ள தூரம். இந்த ஒரு நிரலே நிறையச் சொல்லிவிட்டது.

பழைய நூலில் தொடங்குகிறேன். இலங்கை சிவில் சேவை அதிகாரி ஜே. பி. லூயிஸ் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றி எழுதிய கைநூல் 1895இல் வந்தது. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றதைக் கற்சிலைமடுவில் ஒரு நினைவுக்கல் சொல்லிக்கொண்டு நின்றது. அந்தத் தோல்விக்கும் இந்த நூலுக்கும் இடையில் 92 ஆண்டுகள். குளங்கள், கிராமங்கள், குடிசனம், வரி, பயிர்ச்செய்கை என்று லூயிஸ் எண்ணாத பொருள் குறைவு. எண்ணியதில் அவர் கவனமானவர், அதை மதிக்கிறேன். ஆனால் அவருடைய எண்ணிக்கை ஆட்சி செய்பவனின் எண்ணிக்கை. எந்தக் குளத்தைத் திருத்தினால் எத்தனை ஏக்கர் விளையும், அதிலிருந்து எவ்வளவு வரும் என்று பார்க்கிற கண் அது. குளத்தடியில் இருந்தவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு அந்த நூலில் கிடைப்பது சொற்பம். இருந்தும் வன்னியைப் பற்றி எழுதப்போகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஒரு முழுத் தமிழ் மொழிபெயர்ப்பு எங்கள் பாடசாலை நூலகங்களில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பேராசிரியர் சி. பத்மநாதனின் ‘வன்னியர்’ 1970இல் வந்த ஆய்வு. லூயிஸ் கச்சேரிப் பதிவேட்டிலிருந்து பார்த்ததை இவர் கல்வெட்டு, நாளாகமம், ஒல்லாந்தர் ஆவணம் என்று பின்னால் கொண்டுபோகிறார். வாசிக்கக் கடினம், ஆனால் திடமான நூல். வன்னி என்பது யாழ்ப்பாணத்தின் பின்வளவு என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இதைக் கொடுக்கலாம்.

அடுத்தது பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. வீரகேசரிப் பிரசுரமாக 1973இல் வந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற நாவல். தண்ணிமுறிப்பு அதன் களம். இங்கிருந்து வடகிழக்கே, காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இடம். பதஞ்சலியும் கதிராமனும் சுந்தரலிங்கம் வாத்தியாரும் அங்கேதான் உலவுகிறார்கள். கதையைப் புரட்டிப்போடுவது ஒரு சூறாவளி. வடகிழக்குக் கரையையும் தனுஷ்கோடியையும் ஒன்றாக அழித்த 1964 டிசம்பர்ப் புயலை இங்குள்ள வயதானவர்கள் இன்றைக்கும் ஆண்டுக் கணக்குக்கு எல்லைக்கல்லாக வைத்துப் பேசுவார்கள். புயலுக்கும் நாவலுக்கும் இடையில் ஒன்பதே ஆண்டுகள். என் பட்டியலில் இதைவிட விரைவாக எழுதப்பட்டவை 2009க்குப் பிந்தியவை மட்டும்தான்.

‘நிலக்கிளி’யைப் பற்றி நான் சொல்லக்கூடியது இது: காட்டை அறிந்தவனால் எழுதப்பட்ட நாவல். எந்த மாதத்தில் காடு வெட்ட வேண்டும், எப்போது எரிக்க வேண்டும், புதுக்காட்டு மண்ணில் முதல் விதைப்பு எப்படி வரும் என்பதெல்லாம் இங்கே கதையின் எலும்பு. அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. பதஞ்சலியின் மனதுக்குள் நிகழ்வதை ஆசிரியர் இன்னும் நீளமாக நின்று பார்த்திருக்கலாம், புயல் இரவுக்குப் பிறகு அவசரப்படுகிறார் என்பது என் குறை. ஆனால் 1984இல் தண்ணிமுறிப்புச் சனம் இடம்பெயர்ந்த பிறகு அந்த ஊரின் பழைய வாழ்க்கை முழுமையாக இருக்கும் இடம் இந்த நாவல் ஒன்றுதான். அங்கே யாருக்கு எந்தக் காணி என்ற வழக்கும் வாதமும் நடக்கும் காலத்தில், 1973இல் அச்சான ஒரு நாவல் ஒரு குடியிருப்பின் சாட்சியாகவும் நிற்கிறது. இதை எழுதியபோது ஆசிரியர் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

அந்த நாவல் அத்தனை பேரைச் சென்றடைந்ததற்கு ஒரு வர்த்தகக் காரணமும் உண்டு. எழுபதுகளில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வாசகர் இருந்தார்கள், வாசிக்க வருவது குறைந்தது. அந்த இடைவெளியை வீரகேசரி நிறுவனம் மலிவு விலை நாவல்களால் நிரப்பியது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, ‘காட்டாறு’, தாமரைச்செல்வியின் ‘சுமைகள்’ எல்லாம் அந்த வரிசை. கொழும்பில் அச்சடித்து பஸ்ஸிலும் ரயிலிலும் வந்த புத்தகங்கள். நாணய மாற்று என்ற பேச்சே அதில் இல்லை.

தாமரைச்செல்வியின் ‘பச்சை வயல் கனவு’ 2004இல் வந்தது. பரந்தன் குமரபுரத்துக்காரர், படமும் வரைபவர். காடு வெட்டிக் குடியேறி, இரணைமடுத் தண்ணீரை நம்பி வயலாக்கிய தலைமுறைகளின் கதை. எனக்கு இந்த நாவலில் பிடித்தது அதன் பொறுமை. ஒரு போகம் பிழைத்தால் என்ன, அடுத்த போகம் என்று உழைக்கிறவர்களின் மனநிலை அதன் நடைக்குள் இறங்கியிருக்கிறது. கெட்டவர்களைக் கொஞ்சம் குறைவாகவே காட்டுகிறார். அதைக் குறை என்பதா குணம் என்பதா என்று நான் இன்னும் முடிவு கட்டவில்லை.

இனி என்னை நிறுத்திவைத்த நூலுக்கு வருகிறேன்.

1984 நவம்பர் 30. நெடுங்கேணிக்கு அப்பால் கென்ட் பாம், டொலர் பாம் என்ற இரண்டு பண்ணைகள். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களைக் காந்தீயம் அமைப்பு முன்னர் குடியிருத்திய இடங்கள் அவை. அந்தக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, சிங்களச் சிறைக்கைதிகளும் அவர்களின் குடும்பங்களும் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தன. அன்று விடுதலைப் புலிகள் தாக்கியதில் இறந்தவர்கள் 62 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. இரண்டு நாள் கழித்து டிசம்பர் 2. பக்கத்து ஊரான ஒதியமலையில் இராணுவத்தினர் ஆண்களைக் கூட்டிச் சென்று கொன்றார்கள். 32 பேர். 62ஐயும் 32ஐயும் கூட்டினால் 94. இரண்டு நாளைக்குள், ஒரு சைக்கிள் ஓட்ட தூரத்துக்குள், 94 உயிர். ஒதியமலையில் வீட்டுக்கு வீடு பெண்களும் பிள்ளைகளும் மிஞ்சினார்கள்.

இந்த இரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதும் புத்தகங்கள் மிகக் குறைவு. 62ஐ எழுதுபவர் 32ஐ விடுவார், 32ஐ எழுதுபவர் 62ஐ விடுவார். பண்ணைகளில் முதலில் குடியிருந்து துரத்தப்பட்ட மலையகக் குடும்பங்களை இரு தரப்புமே விட்டுவிடுவது வழக்கம்.

சயந்தனின் ‘ஆதிரை’ அந்த மலையகக் குடும்பங்களைக் கையில் எடுத்தது. 2015இல் தமிழினி பதிப்பகம் வெளியிட்டது. அறுநூறு பக்கங்களைத் தாண்டும் நாவல். மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்த சிங்கமலையின் குடும்பம், தனிக்கல்லடி என்ற ஊர், அதைச் சுற்றிய காடு, ஒதியமலை, அதற்குப் பிறகு வந்த எல்லாப் போர்களும். 1984க்கும் 2015க்கும் இடையில் 31 ஆண்டுகள். எங்கள் பகுதி ஒரு பெரிய நாவலுக்குள் வருவதற்கு ஒரு தலைமுறைக்காலம் எடுத்திருக்கிறது.

இந்த நாவலின் பலம் அது யாரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில்லை என்பது. போராளியும் உண்டு, போராட்டத்தை வெறுத்தவனும் உண்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவளும் உண்டு. மலையகத்திலிருந்து வந்தவர்களை வன்னிக்காரர் எப்படி நடத்தினோம் என்பதையும் அது மறைக்கவில்லை. அதை வாசிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கம் தேவையானது. கடைசி மூன்றிலொரு பங்கில் சம்பவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. நூறு பக்கங்களைக் குறைத்திருந்தால் மிஞ்சும் பக்கங்கள் இன்னும் கனமாகியிருக்கும். அப்படி இருந்தும் என் பத்தில் முதலாவது இதுதான். பதினேழு கிலோ அல்ல, முப்பது கிலோ நெல் கேட்டாலும் கொடுக்கத் தகும்.

தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ 2013. அதுவும் தமிழினி வெளியீடு. 2009க்கும் நூலுக்கும் நான்கே ஆண்டுகள். கடைசிப் போரில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நகர்ந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் முடிந்த பயணத்தை, குடும்பத்தைச் சுமந்த ஒரு பெண்ணின் நிலையிலிருந்து எழுதியிருக்கிறார். போர் நாவல் என்றால் துவக்குச் சத்தம் என்று எதிர்பார்ப்பவர்கள் இதில் அடுப்பைத்தான் காண்பார்கள். அரிசி எவ்வளவு மிச்சம், மா எங்கே கிடைக்கும், தண்ணீருக்கு யார் போவது, எந்தச் சாமானை விட்டுவிட்டுப் போவது. அந்தக் கேள்விகளுக்குள்ளேயே முழுப் போரும் இருக்கிறது. நடை சீராக இல்லை, பாத்திரங்கள் சில இடங்களில் கலந்துபோகின்றன. அவை எனக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. அந்த மாதங்களைக் கடந்தவர்களுக்கு இந்த நூலில் ஒரு வரியும் புதிதல்ல. கடக்காதவர்களுக்கு இதைவிட நம்பகமான நூல் எனக்குத் தெரியாது.

அளவு தெரிந்த எழுத்தை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்றால், 2009ஐப் பற்றிய கணக்கு இன்றுவரை முடியவில்லை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் ஒரு கழித்தற் கணக்கைக் கொடுத்தார். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் பதிவுப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் அங்கே இருந்த மக்கள் 4,29,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். வித்தியாசம் 1,46,679. அவர்கள் எங்கே என்று கேட்டார். அரச பதிவேடுகளின் எண்களை வைத்தே கேட்ட கேள்வி அது. 2021 ஏப்ரல் 1இல் அவர் மறைந்தார்.

ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் இறந்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. 2012 நவம்பரில் வந்த அதே நிறுவனத்தின் உள்ளக மீளாய்வு 70,000க்கு மேற்பட்டவர்கள் கணக்கில் இல்லை என்றது. 40,000க்கும் 1,46,679க்கும் இடையில் ஒரு இலட்சத்துக்கு மேல் மனிதர்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தின் முழுச் சனத்தொகையே ஏறத்தாழ 92,000தான். ஒரு மாவட்டத்தை விடப் பெரிய இடைவெளி, மதிப்பீடுகளுக்கு நடுவில் கிடக்கிறது.

பிரான்சிஸ் ஹரிசனின் நூலை நான் இந்த இடத்தில் வைத்து வாசித்தேன். 2000 முதல் 2004 வரை கொழும்பில் பிபிசி செய்தியாளராக இருந்தவர். 2012இல் ஆங்கிலத்தில் வந்த நூலை என். கே. மகாலிங்கம் தமிழாக்க, ‘ஈழம்: சாட்சியமற்ற போரின் சாட்சியங்கள்’ என்று காலச்சுவடு வெளியிட்டது. தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். அவர் எண்ணிக்கைச் சண்டைக்குள் அதிகம் இறங்காமல் ஆட்களைப் பேசவிட்டது சரியான முடிவு. ஆனால் வெளியே போகக்கூடியவர்களே அதிகம் பேசியிருக்கிறார்கள். போகமுடியாமல் ஊரிலேயே நின்றுவிட்ட கூலிக்காரக் குடும்பங்களின் குரல் அதில் குறைவு. அதை ஈடுசெய்வது தமிழ்க்கவியின் நாவல்தான். அதனால் இரண்டையும் சேர்த்து வாசிக்கும்படி கேட்பவர்களுக்குச் சொல்வேன்.

நாவல் கணக்கெடுப்புச் செய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய உதாரணம். 1665இல் லண்டனில் கொள்ளைநோய் வந்தபோது டானியல் டீஃபோ ஐந்து வயதுப் பிள்ளை. 57 ஆண்டுகள் கழித்து, 1722இல், அந்த ஆண்டைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். தேவாலய வட்டாரங்கள் வாராவாரம் வெளியிட்ட மரணப் பட்டியல்களை நாவலுக்குள்ளேயே வரிசை வரிசையாக வைத்தார். உத்தியோகக் கணக்கு 68,596. அது குறைவு, உண்மையில் ஒரு இலட்சமாவது இருக்கும் என்று அவருடைய கதைசொல்லி வாதிடுகிறான். முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அந்தக் கொள்ளைநோயை அறிய விரும்புபவர்கள் அந்த நாவலைத்தான் எடுக்கிறார்கள். வன்னிக்கு இப்படி ஒரு நூல் இன்னும் எழுதப்படவில்லை. தெரு வாரியாக, குளம் வாரியாக, பெயர் வாரியாக ஒருவர் எழுத வேண்டும்.

போராளி தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016. பரந்தனில் 1972இல் பிறந்து, 1991இல் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, மகளிர் அரசியல்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர். 2009இல் சரணடைந்து, வெலிக்கடைச் சிறையிலும் பிறகு வவுனியா பூந்தோட்டத்திலும் இருந்து, 2013இல் விடுதலையானார். 2015 ஒக்டோபர் 18இல் புற்றுநோயால் இறந்தபோது வயது 43. நூல் வந்தது அதற்குப் பிறகு. அதனால் அவர் எழுதியது எது, மற்றவர் சேர்த்தது எது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என் கருத்து: குழந்தைப் பருவத்தையும் இயக்கத்துக்குள் பெண்களின் அன்றாடத்தையும் எழுதிய பக்கங்களில் ஒரே கை தெரிகிறது, நம்பி வாசிக்கலாம். முடிவெடுத்தவர்களைப் பற்றிய பக்கங்களில் எண்ணும் திகதியும் குறைந்து தீர்ப்பு கூடிவிடுகிறது. பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்த்ததை அவர் ஒத்துக்கொள்கிறார். எத்தனை பேர், எந்த ஊர் என்று அவர் எழுதியிருந்தால் ஊரூராக எத்தனையோ தாய்மாருக்குப் பதில் கிடைத்திருக்கும். சுவாமிநாதன் விமலின் சிங்கள மொழிபெயர்ப்பு தெற்கில் நிறையப் பேரால் வாசிக்கப்பட்டது என்பது இந்த நூலுக்குக் கிடைத்த பெரிய பலன்.

குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ 2014. காட்டுக்குள் ஒரு பயிற்சி முகாம், சுகுமார் என்ற ஒரு பொடியன், அவனுடைய வீட்டு வறுமை. சிறிய நூல், சிறிய காலம், சொல்லவந்ததைச் சொல்லி நிறுத்துகிறது. போராளிகளைச் சிலையாக்காமல் பசியும் நகைப்பும் உள்ள பிள்ளைகளாகக் காட்டியதற்காக நான் அதை இரண்டாவது முறையும் வாசித்தேன். ஷோபாசக்தியின் ‘பொக்ஸ் கதைப் புத்தகம்’ 2015. பெரிய பள்ளன்குளம் என்று வன்னியில் ஓர் ஊரை உண்டாக்கி எழுதியிருக்கிறார். திறமையான கைவேலை. சில அத்தியாயங்கள் நெஞ்சை அடைக்கின்றன. ஆனாலும் உருவத்தில் காட்டிய சாமர்த்தியம் ஊரின் மேல் எனக்கு வரவேண்டிய நெருக்கத்தைத் தடுத்துவிட்டது. பட்டியலில் இதை ஆறாவதாகத்தான் வைப்பேன்.

இரண்டாவது நிரல், எங்கே பதிப்பிக்கப்பட்டது என்பது. பத்தில் ஆறு தமிழ்நாட்டில் வெளிவந்தவை. அந்த ஆறும் 2013க்கும் 2016க்கும் இடையில் வந்தவை. 2009க்குப் பிறகு வந்த நூல்களாக என் பட்டியலில் உள்ள அத்தனையும் கடலுக்கு அப்பால் பதிப்பிக்கப்பட்டவை. கிளிநொச்சியில் இருந்து எழுதியவரின் நாவல் சென்னையில் புத்தகமாகி, நாணய மாற்றும் வரியும் ஏற்றப்பட்டு வன்னிக்குத் திரும்பி வருகிறது. நடந்தது இங்கே, எழுதியது இங்கே, 17 கிலோ நெல் கொடுப்பதும் இங்கே. தமிழ்நாட்டுப் பதிப்பாளர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் இல்லாவிட்டால் இந்த நூல்களே இல்லை. போர்க்காலத்தில் தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த மண் இது. ‘வெளிச்சம்’ போன்ற இதழ் அந்த நெருக்கடிக்குள் வந்துகொண்டிருந்தது. தாராளமாகத் தாள் கிடைக்கும் காலத்தில் இங்கே ஒரு நாவலைப் பதிப்பிக்க ஆள் இல்லை என்பது வருந்தத்தக்கது.

விலை கொடுக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பதை நினைத்தால் இந்த எண்ணின் பெறுமதி விளங்கும். ‘நிலக்கிளி’யை அங்கே இலவசமாக வாசிக்கலாம். கைபேசித் திரையில் நாவல் வாசிப்பது கண்ணுக்குச் சிரமம்தான், ஆனால் நெல் செலவு பூச்சியம்.

ஒரு நிரல் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. 1997 மே 13இல் ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. சில வாரங்களுக்குள் நெடுங்கேணி இராணுவத்தின் கைக்குப் போனது. 1999 நவம்பரில் புலிகளின் ஓயாத அலைகள் மூன்று தாக்குதலில் திரும்பவும் கைமாறியது. அந்த இரண்டரை ஆண்டுகள் எங்கள் சனம் எங்கே இருந்தது, எந்தக் காட்டில் கொட்டில் போட்டது, எத்தனை மாடு தொலைந்தது, எத்தனை பேர் மலேரியாவில் போனார்கள், திரும்பி வந்தபோது எந்த வீடு நின்றது என்று முழுதாகச் சொல்லும் ஒரு நாவலையோ கட்டுரை நூலையோ நான் இன்னும் வாசிக்கவில்லை. புயலுக்கு ஒன்பது ஆண்டில் நாவல் வந்தது. ஒதியமலைக்கு 31 ஆண்டு. 1997ஐ இருபது வயதில் கண்டவர்கள் இப்போது ஐம்பதை ஒட்டி நிற்கிறார்கள். 1984ஐ அந்த வயதில் கண்டவர்களுக்கு அறுபது தாண்டிவிட்டது.

ஆகவே நெடுங்கேணியிலும், ஒலுமடுவிலும், ஒதியமலையிலும், புளியங்குளத்திலும் உள்ளவர்களிடம் இதைக் கேட்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் இந்த மாரிக்கே ஒரு கொப்பியை எடுத்து உங்கள் தெருவில் இருந்த வீடுகளை வரிசையாக எழுதுங்கள். வீட்டுக்கு எத்தனை பேர், அவர்களின் பெயர், எந்த ஆண்டு வெளிக்கிட்டார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று போடுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். வீட்டுப் பெட்டியில் வீரகேசரிப் பிரசுரங்களோ வன்னியில் அச்சான இதழ்களோ கறையானுக்குத் தப்பிக் கிடந்தால், மின்வடிவமாக்குவதற்கு நூலக நிறுவனத்துக்குக் கொடுங்கள். நெல் விற்ற கையோடு பதினேழு கிலோவின் காசைத் தனியாக எடுத்துவைத்து, ‘ஆதிரை’யிலோ ‘ஊழிக்கால’த்திலோ ஒரு பிரதியை உங்கள் ஊர்ப் பாடசாலை நூலகத்துக்கு வாங்கிக் கொடுங்கள்.